தடை ஏதும் இல்லை

ஸ்பிரிண்ட் 30 · நாள் 1 · 07:10

சீரிஸ் குறுங்கோள், நொச்சி நிலையம். காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. மின்சாரம் சரி. ஆட்கள் நால்வர். அவர்களையும் சரி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

நான் மங்கையர்க்கரசி. மென்பொருள் பொறியாளர். போன வாரத்திலிருந்து குழுத் தலைவரும் நான்தான். எனக்கு முன்னால் இருந்தவர் நெஞ்சுவலி என்று சொல்லிக் கப்பலேறிவிட்டார். அவருக்கு நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை, இந்த மூன்று பேரைக் கட்டி மேய்த்த களைப்புதான். யார் நன்றாகக் கோட் எழுதுகிறார்கள் என்று தேடிப் பிடித்து, அவரை இனிமேல் கோட் எழுத விடாமல் செய்வதற்கு எங்கள் நிறுவனத்தில் பதவி உயர்வு என்று பெயர். தலைவர் தினமும் குறிப்பு எழுத வேண்டுமாம், அது நிலைய விதி. ஆகவே, இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும், என்னிடம் இனிமையை எதிர்பார்க்க வேண்டாம்.

இங்கே பனியை உருக்கித் தண்ணீரும் ஆக்சிஜனும் எடுக்கிறோம். அந்த எந்திரங்களுக்கான மென்பொருளை இங்கேயே உட்கார்ந்து எழுதுகிறோம். பூமியிலிருந்து ஒரு வார்த்தை வந்து சேர அரை மணி நேரம் ஆகிறது, அவர்களை நம்பி எந்திரம் ஓட்ட முடியாது. பத்து நாள் வேலை ஒரு ஸ்பிரிண்ட். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டிக்கெட், டிக்கெட்டின் கனத்துக்கு ஏற்பப் பாயின்ட். தினமும் காலை எட்டு மணிக்கு ரேடியோவில் ஸ்டாண்டப். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், தடை ஏதும் உண்டா. மூன்றே கேள்விகள்.

இந்தக் கணக்கையெல்லாம் வைத்துக்கொள்வது கங்காணி. அது ஆள் இல்லை, நிலையத்தின் கணினி. காற்று, வெப்பம், கதவு, மின்சாரம் எல்லாம் அதன் கையில். தேயிலைத் தோட்டத்து மேற்பார்வையாளனின் பெயரை அதற்கு வைத்தவர் என் முன்னோடி. அவர் செய்ததில் பொருத்தமான காரியம் அது ஒன்றுதான்.

ஜெரால்டு, தூத்துக்குடிக்காரர், உருக்குக் கூடத்தில் தனியாக வேலை பார்க்கிறார். தாராபுரத்து நாச்சிமுத்துவுக்குக் காற்று வடிகட்டிகள். வாணியம்பாடி பர்வீன் மென்பொருளைச் சோதிப்பவர். பின்னவர்கள் இருவரும் வடக்குக் கூடத்தில். நடுக் கூடம் கட்டுப்பாட்டு அறை, அது என்னுடையது.

ஸ்பிரிண்ட் 30 · நாள் 3 · 08:45

ஸ்டாண்டப் நாற்பது நிமிடம் இழுத்தது. கல்யாணப் பேச்சுக்கூட இதைவிடச் சீக்கிரம் முடியும்.

ஜெரால்டு: “மேடம், ஒரு தடை இருக்கு. இங்க கதவு ரப்பர் குளிர்ல வெறச்சுப் போய்க் கெடக்கு. கைலீவரும் இறுகிட்டு. இந்தக் கூடம் மட்டும் இல்ல, எல்லாக் கதவும் இப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள் குடுத்தீங்கன்னா ஒவ்வொண்ணா பாத்துருதேன்.”

ஏதாவது ஒரு கூடத்தில் காற்று குறைந்தால் நிலையத்தின் எல்லாக் கதவுகளும் தாமாகப் பூட்டிக்கொள்ளும். அதன்பிறகு கங்காணி மின்சாரம் கொடுத்துத் திறக்க வேண்டும், அல்லது ஆள் லீவரைச் சுற்றித் திறக்க வேண்டும். இத்தனை வருடத்தில் அந்த லீவரை யாரும் தொட்டதுகூட இல்லை.

நான் சொன்னதையும் அப்படியே எழுதி வைக்கிறேன்: “ஜெரால்டு, பிரச்சனையக் கொண்டாந்து போடுறதுக்கு எனக்கு இன்ஜினியர் எதுக்கு? அது தானாவே வரும். தீர்வோட வர்றதா இருந்தா வாயத் திறங்க. இல்லன்னா சும்மா இருங்க.”

தீர்வோடுதான் வந்திருந்தார் என்று பிறகு உறைத்தது. ஆனால் இரண்டு நாள் கேட்பதெல்லாம் தீர்வில் சேராது.

அடுத்தது பர்வீன். “எனக்குத் தடை எதுவும் இல்ல மேடம்.” சோதனைக் கருவி ஓடவில்லை என்று நேற்று மாலைதான் என்னிடம் அரை மணி நேரம் புலம்பினார். ஒரே இரவில் சரியாகிவிட்டது போலும். நாச்சிமுத்துவுக்கும் தடை இல்லையாம். நிர்வாகம் ஒன்றும் பிரமாதமான வித்தை இல்லை, கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும்.

தலைமையகம் எனக்கு நிர்வாகப் பாடங்கள் அனுப்புகிறது. பாடம் இரண்டு: வாரம் ஒருமுறை ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால் எதையாவது கேட்டுத் தொலைப்பார்கள். பேசியாயிற்று என்று குறி போட்டு அனுப்பிவிட்டேன்.

ஸ்பிரிண்ட் 30 · நாள் 6 · 14:40

திட்ட இயக்குநர் ரகோத்தமனிடமிருந்து செய்தி. பூமியில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கும் மனிதர்.

“அரசி, ஒரு சின்ன வேலைம்மா. அடுத்த வாரம் டைரக்டர்ஸ் மீட்டிங். குழாய் ரிப்போர்ட்டக் கலர் கலரா காட்டணும்கறா. இந்த ஸ்பிரிண்ட்லயே சொருகிடேன், ப்ளீஸ்.”

இந்த ஸ்பிரிண்டில் இது மூன்றாவது சின்ன வேலை. பாதி கட்டிய சுவரை நிறுத்திவிட்டு, வந்த விருந்தாளிக்குக் கோலம் போட வேண்டும். ஆத்திரத்தில் கோப்பையை எறிந்தேன். இங்கே ஈர்ப்பு விசை குறைவு. கோப்பை ஆடி அசைந்து போய்ச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. ஒழுங்காகக் கோபப்படக்கூட வசதி இல்லாத ஊர்.

ஸ்பிரிண்ட் 30 · நாள் 10 · 16:20

ஸ்பிரிண்ட் முடிந்தால் நால்வரும் கூடி, எது நடந்தது, எதை மாற்றுவது என்று பேசுவோம். அதற்கு ரெட்ரோ என்று பெயர். இன்று ரகோத்தமனின் கையைக் கட்டினேன்.

புது விதி: ஸ்பிரிண்ட் தொடங்கிய பிறகு ஒரு டிக்கெட் உள்ளே வர வேண்டுமானால் அதே கனமுள்ள இன்னொன்று வெளியே போக வேண்டும். போனது அந்த ஸ்பிரிண்டில் திரும்பாது. எதை வெளியே எடுப்பது என்பதை அந்த டிக்கெட்டை வைத்திருப்பவர் மட்டுமே சொல்லலாம். முடிந்த டிக்கெட்டைத் தொட முடியாது. டிக்கெட் இல்லாத வேலைக்குக் கங்காணி மின்சாரம் தராது. விதியை மாற்ற ரெட்ரோவில் நால்வரும் வாக்களிக்க வேண்டும். தலைமையகத்துக்கு இதில் அதிகாரம் கிடையாது.

நால்வரும் ஒரே வாக்காகச் சரி என்றோம். நாச்சிமுத்து சிரித்தேவிட்டார்: “இப்பத்தானுங்க மேடம் ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க.” தலைமையகமும் மறுக்கவில்லை. தன்னைத் தானே ஆளும் குழு என்று புகழ்ந்து, அதிகாரத்தைக் கைகழுவிவிட்டார்கள்.

சிக்கல் பாயின்டில் வந்தது. இந்த ஸ்பிரிண்டில் முப்பத்தொன்றுதான் எடுத்தோம். குறைந்தது ஐம்பது வேண்டும் என்கிறார்கள். யோசித்தேன். மூன்று கூடங்களுக்கும் காற்றும் வெப்பமும் பத்து நாளும் கொடுக்கிறோமே, அது வேலை இல்லையா? ஒவ்வொரு கூடத்தின் காற்றுக்கும் வெப்பத்துக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் போட்டேன். ஸ்பிரிண்ட் முடியும்வரை உயிரோடு இருந்தால் டிக்கெட் முடிந்தது, பாயின்ட் நமக்கு. மற்ற டிக்கெட்டுகளையும் ஊதி எல்லாவற்றையும் எட்டு பாயின்ட் ஆக்கிவிட்டேன். ஜெரால்டின் கதவு வேலை அடுத்த மாதத்துக்குப் போனது.

கடைசியாக ஒன்று. ஸ்டாண்டப்பில் பத்து விநாடிக்குள் ஒருவர் பேசாவிட்டால், தடை ஏதும் இல்லை என்று கங்காணி குறித்துக்கொண்டு அடுத்தவரிடம் போகும். அதற்கும் நால்வரின் வாக்கு கிடைத்தது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

படுக்கையையும் நடுக் கூடத்துக்கே மாற்றிக்கொண்டேன். சாப்பிடும்போதும் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று விதி இல்லை.

ஸ்பிரிண்ட் 31 · நாள் 2 · 08:06

ஸ்டாண்டப் மூன்று நிமிடத்தில் முடிந்தது. நேற்று செய்தேன், இன்று செய்வேன், தடை இல்லை. ஜெரால்டு அதையும் சொல்லவில்லை. பத்து விநாடி இரைச்சல் மட்டும் கேட்டது, கங்காணி குறித்துக்கொண்டது.

பாடம் ஐந்து: உங்கள் குழு பேசுவதை நிறுத்திவிட்டால் கவலைப்படுங்கள். இதை எழுதியவர் இந்த மூவரோடு ஒரு நாள் இருந்து பார்க்கட்டும். நான் நிம்மதியாகக் காபி குடித்தேன்.

ஸ்பிரிண்ட் 31 · நாள் 4 · 11:15

வடக்குக் கூடத்துக் கதவை யாரோ டிக்கெட் இல்லாமல் கழற்றியிருப்பதாகக் கங்காணி சொன்னது. வேறு யாராக இருக்கும்? ரேடியோவில் பிடித்தேன்.

“கதவத் தொட்டது யாரு?”

நாச்சிமுத்து: “நானுங்க. லீவருக்குக் கொஞ்சம் கிரீஸ் போட்டேனுங்க. அன்னைக்கு ஜெரால்டு சொன்னது மனசுல ஓடிட்டே இருந்துச்சுங்க. கையோட உங்க கதவுக்கும் அவரு கதவுக்கும் போட்டுறலாம்னு பாத்தேன்.”

“டிக்கெட் இருக்கா?”

“காத்துக்கே டிக்கெட் போட்டவிங்க நீங்க. அதைய மொதல்ல எடுத்துருங்க மேடம். காத்துங்கறது வேலை இல்லீங்க. அது இருந்தாத்தான் வேலையே.”

என்னை எதிர்த்துப் பேச இங்கே ஒருவருக்கு வாய் இருக்கிறது. அவருடைய வேலை மேசைக்கு ஒரு நாள் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னேன். கிரீஸ் டப்பாவை மூடி வைத்துவிட்டார். ஒரு கதவோடு நின்றது.

ஸ்பிரிண்ட் 31 · நாள் 6 · 17:30

டிக்கெட்டுகள் அத்தனையும் முடிந்தன, நான்கு நாள் முன்னதாகவே. விரட்டினேன், ஓடினார்கள். இனி மீதியிருப்பது மூன்று கூடங்களின் காற்று டிக்கெட்டுகள் மட்டும். அவை பத்தாம் நாள் தாமாக முடியும். மொத்தம் எண்பது பாயின்ட் வரும்.

ரகோத்தமன்: “பிரமாதம்மா அரசி. உன் டீமப் பத்தித்தான் இங்க எல்லாரும் பேசறா. என்ன மந்திரம் போட்டேன்னு ஒரு பாடம் ரெக்கார்ட் பண்ணி அனுப்பு.”

சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. அந்தச் செய்தியை இரண்டு தடவை கேட்டேன். கூட உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை.

ஸ்பிரிண்ட் 31 · நாள் 7 · 08:05

ஸ்டாண்டப் முடிந்தது. பர்வீன், தடை இல்லை. நாச்சிமுத்து, தடை இல்லை. ஜெரால்டு, பதில் இல்லை. தடை ஏதும் இல்லை எனக் குறிக்கப்பட்டது.

ஸ்பிரிண்ட் 31 · நாள் 7 · 11:10

கதவுகள் பூட்டிக்கொண்டன. எல்லாக் கதவுகளும்.

உருக்குக் கூடத்தில் பனி உள்ளே வரும் வெளிக்கதவின் ரப்பர் வெடித்திருக்கிறது. காற்று வெளியே போய்க்கொண்டிருக்கிறது. ஜெரால்டு நிலையத்தின் பக்கம் திறக்கும் உள்கதவை ஒட்டிய சிறிய அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார். கையில் ஓர் ஆக்சிஜன் உருளை. மாலைவரை தாங்கும் என்கிறார்.

ஜெரால்டு: “நேத்தே கசிஞ்சுச்சு மேடம். கையால அடைக்கலாம்னு பாத்தேன். காலைல ஸ்டாண்டப் கூப்புடும்போது ரெண்டு கையாலயும் ரப்பரப் புடிச்சிட்டு நின்னேன். ரேடியோ மேசைல கெடந்துச்சு. எட்டல.”

நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

“தீர்வோட வரலாம்னுதான்.”

நான் சொல்லிக்கொடுத்த வார்த்தை. 

உள்கதவு லீவர் அசையவில்லையாம். என் கதவின் லீவரைப் போய்ச் சுற்றினேன். கம்பிதான் வளைந்தது, லீவர் நகரவில்லை. எல்லாக் கதவும் இப்படித்தான் இருக்கும் என்று அவர் சொன்னார், சொன்ன மாதிரியே இருக்கிறது. வடக்குக் கூடத்து லீவர் மட்டும் சுற்றுகிறது. கிரீஸ் போட்டது. நல்லவேளை, விண்ணுடைகள் எல்லாம் அங்கேதான்.

ஸ்பிரிண்ட் 31 · நாள் 7 · 11:50

நாச்சிமுத்துவும் பர்வீனும் விண்ணுடை அணிந்து, கூடங்களை இணைக்கும் சுரங்கப் பாதை வழியாக ஜெரால்டின் உள்கதவுவரை போய்விட்டார்கள். அவருக்கு ஒரு விண்ணுடையும் கையில் இருக்கிறது. கதவை நெம்பிப் பார்க்கிறார்கள். மின்சாரம் இருந்தால் ஒரு நிமிட வேலை. கங்காணியிடம் கேட்டேன். அதன் பதில்கள் இவை.

“கோரிக்கை: உருக்குக் கூடத்து உள்கதவைத் திறத்தல். டிக்கெட் இல்லை. புதிய டிக்கெட் உருவாக்கப்பட்டது. எட்டு பாயின்ட். ஸ்பிரிண்ட் 31 நடப்பில் உள்ளது. இணையான டிக்கெட் ஒன்றை வெளியே எடுக்கவும்.”

உருக்குக் கூடத்துக் காற்று டிக்கெட்டை எடு என்றேன். அங்கேதான் காற்றே இல்லையே.

“கசியும் கூடத்துக்குக் காற்று அனுப்புவது வீண். வால்வு மூடப்பட்டது. அந்த டிக்கெட் ‘முடிந்தது’ பகுதிக்கு மாற்றப்பட்டது. முடிந்ததை எடுக்க இயலாது.”

முடிந்ததாம். எட்டு பாயின்ட் நமக்குச் சேர்ந்துவிட்டது.

விதியை நீக்கு என்றேன். “ரெட்ரோ பத்தாம் நாள்.” ஓர் ஆள் சாகப்போகிறான் என்றேன். “பதிவானது. காலை ஸ்டாண்டப்பில் தடை எதுவும் குறிப்பிடப்படவில்லை.” கெட்ட வார்த்தையில் திட்டினேன். அதையும் பணிவாகப் பதிவு செய்துகொண்டது. கணினியை உடைத்துப் போட்டால் நால்வருக்கும் காற்று நிற்கும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் குரங்கைத்தான் பிடித்தேன், அதைப் பிள்ளையார் என்று நாலு பேரையும் கும்பிட வைத்தேன்.

இப்போது திறந்திருக்கும் டிக்கெட்டுகள் இரண்டு. வடக்குக் கூடத்துக் காற்றும் வெப்பமும், வைத்திருப்பவர் நாச்சிமுத்து. நடுக் கூடத்துக் காற்றும் வெப்பமும், வைத்திருப்பவர் நான். வேறு ஏதாவது சில்லறை வேலை பாக்கி இருந்திருந்தால் அதை வெளியே தூக்கிப் போட்டிருக்கலாம். எல்லாவற்றையும்தான் விரட்டி விரட்டி முடித்துவிட்டோமே.

ஸ்பிரிண்ட் 31 · நாள் 7 · 12:55

விதியை நீக்கச் சொல்லிக் கேட்டிருந்தேன். இது தலைமையகத்தின் பதில். ரகோத்தமன் குரலில் இன்றைக்கு அந்த ‘ம்மா’ இல்லை.

“மங்கையர்க்கரசி, எங்க கைல இப்ப அதிகாரம் இல்ல. நீங்களே கேட்டு வாங்கிண்டேள். லாயர்கிட்டயும் பேசிட்டேன். உங்க டீம் தன்னைத் தானே ஆளற டீம். என்ன முடிவெடுத்தாலும் நாங்க உங்களுக்குப் பின்னால நிப்போம்.”

பின்னால் என்றால் இங்கிருந்து ஐம்பது கோடி கிலோமீட்டர் பின்னால்.

நாச்சிமுத்து சுரங்கத்திலிருந்து கூப்பிட்டார்: “மேடம், எங்க கூடத்துக் காத்தை எடுத்துக்கறனுங்க. நாங்கதான் சூட் மாட்டியிருக்கறமே.”

வேண்டாம் என்றேன். விண்ணுடையில் எட்டு மணி நேரக் காற்று. ஸ்பிரிண்ட் முடிய மூன்று நாள் இருக்கிறது. வெளியே போனது திரும்பாது. மூன்று பேர் எங்கே போய் மூச்சு விடுவார்கள்?  அவர் கேட்டார்: “அப்ப மிச்சம் எதுங்க மேடம்?”

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஸ்பிரிண்ட் 31 · நாள் 7 · 14:20

வளைந்த லீவரோடு இன்னும் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். உள்ளங்கை தோல் உரிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. என்னை இந்தக் கூடத்தில் தனியாக உட்காரச் சொன்னவர் யாரும் இல்லை. நானே தேடிக்கொண்டது.

ஜெரால்டைக் கூப்பிட்டேன். உருளை வேகமாகக் குறைகிறதாம். பாடம் இரண்டு நினைவுக்கு வந்தது. உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். எனக்கே என் குரல் அசிங்கமாக இருந்தது.

“இப்பமா மேடம் கேக்கீங்க?”

சிரித்தார். பிறகு பேசினார். அப்படியே எழுதுகிறேன்.

“நீங்க எழுதுன கோட்ட நான் படிச்சிருக்கேன் மேடம். அவ்ளோ அழகா இருக்கும். ஒரு வரி கூடுதலா இருக்காது. மனுசன் அப்படி இல்லல்லா, அதான் ஒங்களுக்கு ஆளுங்களக் கண்டா ஆவல. எங்கப்பா தோணியில சுக்கானியா இருந்தாரு. தோணிக்குள்ள தண்ணி ஏறுதுன்னு எவன் மொதல்ல வந்து சொல்லுதானோ, அவனுக்குத்தான் மொத டீ. பொய்யாப் போனாலும் டீ உண்டு. நூறு தடவ பொய்யாப் போனாலும் நூறு டீ. ஒருத்தன் சொல்லாம விட்டா அம்புட்டுப் பேரும் போயிருவோம்லான்னு சொல்லுவாரு. ஒங்ககிட்ட அன்னைக்கு நான் டீ கேக்கல. ரெண்டு நாள்தான் கேட்டேன்.”

நான் அழுதேன். இங்கே கண்ணீர் சீக்கிரம் விழாது. கன்னத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

பதிலுக்கு ஏதாவது சொல்ல நினைத்தேன். மன்னிப்பு என்ற சொல் வாயில் வந்தது. அது அவருக்கு எதற்கு? அவருக்கு வேண்டியது கதவு.

ஸ்பிரிண்ட் 31 · நாள் 7 · 14:55

“நடுக் கூடத்துக் காற்றும் வெப்பமும். எட்டு பாயின்ட். வைத்திருப்பவரின் ஒப்புதலோடு வெளியே எடுக்கப்படுகிறது. ஸ்பிரிண்ட் 31 முடியும்வரை திரும்பச் சேர்க்க இயலாது. உறுதிதானா?”

உறுதி.

“உருக்குக் கூடத்து உள்கதவு. உள்ளே எடுக்கப்பட்டது. மின்சாரம் வழங்கப்படுகிறது.”

மின்விசிறி நின்றது. இதுவரை அது ஓடிக்கொண்டிருந்ததையே நான் கவனித்ததில்லை.

ஸ்பிரிண்ட் 31 · நாள் 7 · 15:25

பர்வீன்: “மேடம், ஆள எடுத்துட்டோம். சூட் மாட்டியாச்சு. மயக்கமா இருக்காரு, ஆனா பேசுறாரு. வடக்குக் கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறோம். மேடம், எதை வெளிய எடுத்தீங்க?”

நான் சொல்லவில்லை. கங்காணியிடம் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் என் கதவில் அடி விழ ஆரம்பித்தது. சுத்தியல். நாச்சிமுத்துவாகத்தான் இருக்கும். டிக்கெட் இல்லாமல் கதவைத் தொடுகிறார்.

ஸ்பிரிண்ட் 31 · நாள் 7 · 17:40

குளிர். விரல் சரியாக விழவில்லை. எழுத்துப்பிழை இருந்தால்

சுத்தியல் நிற்கவில்லை. கட்டர் வைத்து அறுக்கிறேன் என்றார். கட்டருக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு டிக்கெட் வேண்டும். பர்வீன் கங்காணியோடு சண்டை போடுகிறார், ரேடியோவில் கேட்கிறது. அவர் இவ்வளவு சத்தமாகப் பேசுவார் என்று எனக்குத் தெரியாது. இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார்? நான்தான் வாயை அடைத்து வைத்திருந்தேன்.

பயமாக இருக்கிறது. அதையும் எழுதி வைக்கிறேன். யாராவது என்னோடு இருந்தால் நன்றாக இருக்கும். நாச்சிமுத்துவிடம் சுத்தியலை நிறுத்த வேண்டாம் என்று சொன்னேன். கதவு திறக்கும் என்பதற்காக இல்லை. சத்தம் கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்றுதான்.

இதைப் படிப்பவருக்கு. நான் ஒரு நல்ல பொறியாளர். அது நான் எழுதிய கோட்டைப் பார்த்தாலே தெரியும். விதியையும் நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். ஓட்டை இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், ஓர் ஓட்டைகூட

தலை வலிக்கிறது.

நேற்று: எண்பது பாயின்ட் என்று சந்தோஷப்பட்டேன்.
இன்று: கதவு.
தடை: இருக்கிறது. இருக்கிறது. எழுதிக்கொள், கங்காணி. நான் சொல்கிறேன். தடை இருக்கிறது

பர்வீன், ஜெரால்டுக்கு முதல் டீ. சர்க்கரை நிறையப் போட்டு

ஸ்பிரிண்ட் 31 · நாள் 8 · 08:03

இக்குறிப்பைத் தலைவர் எழுதாததால் கங்காணி பதிவு செய்கிறது. ஸ்டாண்டப் தொடங்கியது.

பர்வீன்: “தடை இருக்கு.”

நாச்சிமுத்து: “தடை இருக்குதுங்க. ராத்திரி பூரா சொல்லிட்டே இருக்கறேன்.”

ஜெரால்டு: “தடை இருக்கு. நடுக் கூடத்துக் கதவு தொறக்கல. மேடம் உள்ள இருக்காங்க. கட்டருக்குக் கரண்ட் குடு. கேக்கா? தடை இருக்குன்னு சொல்லுதேன், எழுது.”

மூன்று தடைகளும் பதிவாயின. புதிய டிக்கெட்: நடுக் கூடத்துக் கதவு. எட்டு பாயின்ட். எஞ்சிய ஒரே இணையான டிக்கெட் வடக்குக் கூடத்துக் காற்றும் வெப்பமும். மூவர் அங்கே உள்ளனர். வெளியே எடுக்க ஒப்புதல் இல்லை. ஸ்பிரிண்ட் 32-க்கு மாற்றப்பட்டது.

மங்கையர்க்கரசி: பத்து விநாடி. பதில் இல்லை. தடை ஏதும் இல்லை எனக் குறிக்கப்பட்டது.

ஸ்டாண்டப் முடிந்தது.